வாலுக்கு ஒரு காசு

கற்பனை உலகங்களில் நிகழும் பாத்திர விளையாட்டுகளை ஆடிப் பழகியவர்கள் எவரானாலும், டிராகன்களையும் துஷ்ட மந்திரவாதிகளையும் வதம் செய்வதாகச் சபதம் பூண்டு புறப்பட்ட தங்கள் வீரன், தன் முதல் வெற்றியை ஏதோ ஒரு சத்திரத்து நிலவறையில், மதுப் பீப்பாய்களுக்கு நடுவே, நாலைந்து பெருத்த எலிகளின் மீதுதான் ஈட்டினான் என்பதைச் சற்றே வெட்கத்துடன் ஒப்புக்கொள்வார்கள். சத்திரக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வருவார். கீழே இறங்கவே முடியவில்லை, அத்தனை எலி என்பார். சில வெள்ளிக் காசுகளுக்குப் பேரம் படியும். வீரன் வாளை உருவிக்கொண்டு படியிறங்குவான். இந்தச் சடங்கு எவ்வளவு தேய்ந்துபோனதென்றால், அதைப் பரிகசிப்பதே ஒரு தனி மரபாகிவிட்டது. 2006-ல் வெளிவந்த 'ஆப்லிவியன்' என்னும் கணினி விளையாட்டில், எலித் தொல்லை என்று கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குள் நுழையும் வீரன், அங்கே எலிகளைச் செல்லமாக வளர்க்கும் ஓர் அம்மாளையும், அந்த எலிகளைக் கொல்ல நிலவறைக்குள் புகுந்துவிட்ட மலைச் சிங்கங்களையும் கண்டு, எலிகளுக்குக் காவலனாக நின்று வாள் வீச வேண்டியவனாகிறான்.

இத்தனை பரிகாசத்துக்கும் நடுவில் ஒரு சாதாரணக் கேள்வியை மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. கொல்லனும் பீப்பாய் செய்பவனும் ரொட்டி சுடுபவனும் குடியிருக்கிற, தானியக் கிடங்கும் படகுத் துறையும் உள்ள ஒரு பட்டணத்தில், எலி பிடிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒருவன் இல்லாமலா இருந்திருப்பான்? வழிப்போக்கனான வாள்வீரன் வந்துதான் எலியை அடிக்க வேண்டும் என்ற நிலையில் ஓர் ஊர் இருந்திருக்குமானால், அது பஞ்சத்தில் அழிந்து பல தலைமுறைகள் ஆகியிருக்கும். அந்த மனிதன் இருந்தான்; அவனைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டு அவனுடைய வேலையை மட்டும் வீரனிடம் கொடுத்துவிட்டோம். விளையாட்டு இழந்த பாத்திரங்களில் இவனைப்போல் மதிப்புள்ளவர் வேறு எவரும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த விளையாட்டுகளுடன் பரிச்சயமில்லாத வாசகர்களுக்காக ஓரிரு வார்த்தைகள். 1974-ல் அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகைக்கு மூலம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். நடுவராக ஒருவர் அமர்ந்து கதையை நடத்துவார். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தை உருவாக்கும்போது அவன் வீரனா மந்திரவாதியா என்பதோடு, அந்த வாழ்க்கைக்கு வருமுன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குப் பின்புலம் என்று பெயர். 2014-ல் வெளிவந்த விதிநூலில் இத்தகைய பின்புலங்கள் 13 இருந்தன: பிரபு, முனிவன், மாலுமி, சிப்பாய், எத்தன், கூத்தாடி என்று அந்த வரிசை போகிறது. எலி பிடிப்பவன் அதில் இல்லை. விசித்திரம் என்னவென்றால், தெருவில் வளர்ந்த அநாதைக்குரிய பின்புலத்தை ஏற்பவனுக்கு, உடைமைகளோடு சேர்த்து ஒரு வளர்ப்புச் சுண்டெலியும் கொடுக்கிறார்கள். ஆக, எலியை வளர்ப்பவனுக்கு அந்த நூலில் இடம் உண்டு, பிடிப்பவனுக்குத்தான் இல்லை. பத்தாண்டு கழித்து 2024-ல் வந்த புதிய பதிப்பு பின்புலங்களை 16 ஆக்கிற்று. குடியானவனும் காவல்காரனும் எழுத்தரும் இடம்பெற்றார்கள். அப்போதும் இவனை யாரும் அழைக்கவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் இவ்விஷயத்தில் ரசனை மிக்கவர்கள். 1986-ல் அங்கே கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட 'வார்ஹாமர்' பாத்திர விளையாட்டில், ஆட்டக்காரனின் தொழிலைப் பகடைதான் நிர்ணயிக்கும். பிரபுவாகப் பிறக்க ஆசைப்பட்டவன் எலி பிடிப்பவனாக எழுந்து நிற்பான். அவனுக்குச் சில பொறிகளும், ஒரு கவணும், செத்த எலிகள் தொங்கும் ஒரு கம்பும் (எத்தனை எலிகள் என்பதற்கும் பகடைதான்), உருவத்தில் சிறியதாயினும் மூர்க்கமுள்ள ஒரு நாயும் சொத்து. அந்த நாய் ரசிகர்களிடையே அடைந்த கீர்த்தி பல மன்னர்களுக்கு வாய்க்காதது. அதைவிட முக்கியமாக, அந்த உலகத்தின் நகரங்களுக்கு அடியில் ஸ்கேவன் என்னும் எலிமனிதர்கள் வாழ்கிறார்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று அதிகாரிகளும் கற்றோரும் சாதிக்கிறார்கள். சாக்கடைக்குள் இறங்குகிற எலி பிடிப்பவனுக்கோ உண்மை தெரியும், ஆனால் அவன் சொல் சபை ஏறாது. தாழ்ந்த வேலை செய்கிறவன் கண்ணால் கண்டதை உயர்ந்த ஆசனத்தில் இருப்பவன் பொய்யென்று தள்ளுவது கற்பனை உலகத்துக்கு மாத்திரம் உரிய சம்பவம் அல்ல.

ஆயினும் வார்ஹாமரும் அவனை முக்கால்வாசி வேடிக்கைப் பொருளாகவே வைத்திருக்கிறது. அழுக்கு, நாற்றம், நாய், சிரிப்பு என்பதற்கு அப்பால், அந்தத் தொழிலின் நடுவில் ஒரு முடிச்சு உண்டு: எலி பிடிப்பவன் எலியால் வாழ்கிறவன். பேயை ஓட்டுகிறவனும் டிராகனைக் கொல்கிறவனும் தங்கள் பகையை அடியோடு ஒழித்துவிட்டால் புகழோடு வீடு திரும்பலாம்; இவன் தன் பகையை அடியோடு ஒழித்தால் மறுநாள் பட்டினி. ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் இவ்வளவு பெரிய தர்மசங்கடத்தை ஒரே வரியில் வைக்கக்கூடிய பின்புலம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அரசகுமாரனுக்கு அதை உண்டாக்க ஒரு சிற்றப்பன் சதியும் ஓர் ஒளித்துவைத்த உயிலும் தேவைப்படும்.

சரித்திரத்தைப் புரட்டினால் இந்த முடிச்சு இறுகுகிறதே தவிர அவிழ்வதில்லை. 1566-ல் எலிசபெத் அரசியின் ஆட்சியில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் தானியத்தைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் செய்து, உபத்திரவ ஜந்துக்களின் தலைக்கு விலை வைத்தது. ஊர்தோறும் திருச்சபை நிர்வாகிகள் பணம் திரட்டி வைத்திருந்து, தலையைக் கொண்டுவந்து காட்டுகிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். மூன்று எலித் தலைகளுக்கு ஒரு பென்னி. அல்லது பன்னிரண்டு சுண்டெலித் தலைகளுக்கு ஒரு பென்னி. ஆனால் ஒரே ஒரு முள்ளெலியின் தலைக்கு இரண்டு பென்னி. இரவில் படுத்திருக்கும் பசுவின் மடியில் முள்ளெலி பால் குடிக்கிறது என்று அக்காலத்தில் ஜனங்கள் நம்பினார்கள். இந்த விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேட்டைக்காரனின் மனநிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்: தானியத்தைச் சூறையாடும் எலிகளில் ஆறைப் பிடிப்பதற்கான சிரமத்தை ஏற்பதா, அபாயம் வந்தால் பந்துபோல் சுருண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும், பூச்சிகளைத் தின்று தோட்டத்துக்கு உபகாரம் செய்யும் ஒரு சாதுப் பிராணியைக் கையுறையோடு எடுத்துக்கொள்வதா? சட்டம் செய்தவர்கள் தானியத்தை நினைத்தார்கள். வேட்டைக்காரன் பட்டியலைப் படித்தான்.

மூன்று நூற்றாண்டுகள் கழித்து லண்டனில் ஜாக் பிளாக் என்று ஒருவர் இருந்தார். விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு, தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டையும், அதில் உலோகத்தில் வார்த்த எலி உருவங்களும் அரசியின் முதலெழுத்துகளும் பளபளக்க, தெருக்களில் கூட்டத்தைக் கூட்டி விஷ மருந்து விற்றுவந்தார். லண்டன் ஏழைகளின் தொழில்களை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதிய ஹென்றி மேஹ்யூ இவரையும் சந்தித்து விரிவாக எழுதியிருக்கிறார். எலிகள் நிறைந்த கூண்டுக்குள் கையை விட்டுக் கொத்தாக எடுப்பதும், அவை கைமீதும் தோள்மீதும் ஏறித் திரிய அசையாமல் நிற்பதும் அவர் வித்தை. கடிபட்டுச் சாகக் கிடந்ததும் ஒரு முறையல்ல. அப்படிப்பட்டவர், நிறம் மாறிப் பிறந்த எலிகள் அகப்பட்டால் கொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், இனம் பெருக்கி, செல்லப் பிராணிகளாக விற்றார். இன்று மேல்நாடுகளில் கூண்டில் வளர்க்கப்படும் வெள்ளையும் புள்ளியுமான எலிகளின் வமிச வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. கொல்வதற்குக் கூலி ஒரு கையில், வளர்ப்பதற்கு விலை மறு கையில். இரண்டுக்கும் நடுவே மகாராணியின் முத்திரை! இதைவிட ஸ்வாரஸ்யமான பாத்திரத்தை எந்த விதிநூல் ஆசிரியராவது கற்பனை செய்துவிட முடியுமா என்று நான் சந்தேகிக்கிறேன்.

அக்காலத்து எலி பிடிப்பவர்களுக்கு மூன்றாவது வரும்படியும் இருந்தது. மதுக்கடைகளின் பின்கட்டில் மரப்பலகை அடைத்த குழியில் எலிகளைக் கொட்டி, நாயை இறக்கி, எத்தனை நிமிஷத்தில் எத்தனை எலியைக் கொல்கிறது என்று பந்தயம் கட்டுவார்கள். பில்லி என்ற நாய் 1823-ல் நூறு எலிகளை ஐந்தரை நிமிஷத்தில் கொன்றதாகப் பதிவு. நூறு எலி என்றால் யாரோ நூறு எலியை உயிரோடு பிடித்து, பட்டினி போடாமல், ஒன்றையொன்று கடித்துக் கொல்லாமல் பார்த்துக்கொண்டு கொண்டுவர வேண்டும். செத்த எலிக்கு வீட்டுக்காரர் தருவது ஒரு விலை. உயிருள்ள எலிக்குப் பந்தயக்காரர் தருவது இன்னொரு விலை. வார்ஹாமர் கொடுத்த நாய் எந்த உலகத்திலிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

அரசாங்கமே இந்தக் கணக்கில் ஏமாந்த கதை ஹனோயில் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் குடியிருப்புப் பகுதிக்கென்று நவீனமான பாதாளச் சாக்கடையைக் கட்டினார்கள். பாம்பு, பூனை முதலிய சத்துருக்கள் இல்லாத அந்தக் குழாய்களில் எலிகள் ராஜபோகமாகப் பெருகி, கழிப்பறைகளின் வழியாக வெள்ளைக்காரர் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கின. பிளேக் பயம் வேறு. 1902-ல் வியத்நாமியக் கூலியாட்களைச் சாக்கடைக்குள் இறக்கினார்கள். ஒரே நாளில் 20,000 எலிகளுக்குமேல் கொல்லப்பட்ட நாளும் உண்டு. எலிகளோ குறைந்த பாடில்லை. பிறகு பொதுஜனங்களையும் அழைத்து, வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் வாலுக்கு ஒரு காசு என்று அறிவித்தார்கள். வால்கள் குவிந்தன. சில நாள் சென்றபின் நகரத்தில் வாலில்லாத எலிகள் சௌக்கியமாக ஓடித் திரிவதை அதிகாரிகள் கண்டார்கள். வாலை நறுக்கிவிட்டு, குட்டி போடட்டும் என்று விட்டுவிட்டிருக்கிறார்கள்! ஊருக்கு வெளியே எலிப் பண்ணைகளே ஏற்பட்டுவிட்டதும் தெரியவந்தபோது, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த ஏழைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்களுக்கு எட்டாத வசதிக்காகக் கட்டிய சாக்கடையில், தங்களை அடக்கி ஆள்கிறவர்களின் தொல்லையைத் தீர்ப்பதற்கு, எதற்காக அவர்கள் தங்கள் வருமானத்தைத் தாங்களே அறுத்துக்கொள்ள வேண்டும்?

இவையெல்லாம் இருக்க, மேசையில் உட்காருகிறவர்கள் இந்தப் பின்புலத்தை எழுதும்போது வறுமையையும் அழுக்கையும் மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதே என் முறையீடு. அது வித்தை என்பதை மறந்துவிடுகிறார்கள். அமீலியா இளவரசிக்கு எலி பிடித்துக் கொடுத்த ராபர்ட் ஸ்மித் என்பவர், 1768-ல் தம் தொழில் ரகசியங்களை ஒரு புஸ்தகமாகவே எழுதி அச்சிட்டிருக்கிறார். நரி முதல் பறவை வரை எதை எப்படிப் பிடிப்பது என்பதை விவரிக்கும் சாஸ்திரம் அது. எலி, புதிதாக வைத்த எந்தப் பொருளையும் சில நாள் நெருங்காது; ஆகையால் தேர்ந்தவன் பொறியை விசை ஏற்றாமல் இரை மட்டும் வைத்து, எலி பயம் தெளிந்து தின்னப் பழகும்வரை காத்திருப்பான். எலி சுவரை ஒட்டியே நடக்கும்; ஒரே வழியில் நாள்தோறும் நடப்பதால் அதன் உடம்பின் பிசுக்குப் பட்டுச் சுவரில் கருத்த தடம் விழும். பழுப்பெலி மண்ணைத் தோண்டி வளை அமைக்கும், நீரில் நன்றாக நீந்தும், கறுப்பெலி கூரையேறும். எனவே சத்தம் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று கேட்ட மாத்திரத்தில் எதை எங்கே வைப்பது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அடிபடாமல் தானாகச் செத்துக் கிடக்கும் எலியை அவன் வெறுங்கையால் தொடமாட்டான். பிளேக்கின் விஷக்கிருமியை எலியின் உடம்பிலிருந்து மனிதனுக்குக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்பதை 1898-ல் கராச்சியில் சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோதனை செய்து நிறுவினார். உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு உடல் தேடிக் குதிக்கும். சைமண்டின் சோதனையை அறியாத கற்பனை உலகத்திலும், எலிகள் தாமாகச் சாகத் தொடங்கினால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்பதை முதலில் உணர்கிறவன், அரண்மனை வைத்தியனுக்குமுன், இவனாகத்தான் இருப்பான்.

நம்மூரிலும் இந்த வித்தைக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சமவெளிப் பகுதிகளில் வாழும் இருளர்கள், நெல்வயல் வரப்பில் புது மண் தள்ளியிருக்கும் பதத்தைப் பார்த்தே வளைக்குள் எலி இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லுவார்கள். மற்ற வாய்களை அடைத்துவிட்டு, வைக்கோல் புகையும் பானையை ஒரு வாயில் கவிழ்த்து ஊதி எலியைப் பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லையும் வாரி எடுத்துக்கொள்வார்கள். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோனபோது வாழ்விழந்த அவர்களுக்காக, விஷமுறிவு மருந்துக்குப் பாம்பு விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978-ல் செங்கற்பட்டு வட்டாரத்தில் அமைந்தது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தவர் வரவழைத்தார்கள். செல்லப் பிராணிகளாக இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகள் அங்கேயுள்ள சதுப்பு நிலத்தில் பெருகி, நரி, முயல், ரக்கூன் என்று கிடைத்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தன. உள்ளூர் வேட்டைக்காரர்கள் திகைத்திருந்தார்கள். போன இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். பாஷை தெரியாத தேசத்துக்கு, மொழிபெயர்ப்பாளர்களோடு, ராட்சத சர்ப்பங்களைப் பிடிக்கக் கடல் கடந்து போன இரண்டு பேர்! 2023-ல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாத்திர விளையாட்டு ஆடும் நம் இளைஞர்கள் வேட்டைக்காரப் பாத்திரத்துக்கு முன்மாதிரி தேடி ஜெர்மானியக் காடுகளில் அலைகிறார்கள்.

சரி, விதிநூலில் இவனுக்கு என்னதான் கொடுப்பது என்று கேட்பார்கள். இரண்டு திறமைகள் தரலாம்: கூர்ந்து நோக்குதல், பிராணிகளின் குணமறிதல். கருவியாக விஷம் கலக்கும் பெட்டி. இவை எளிது. அவனுக்கே பிரத்தியேகமாகத் தரவேண்டிய சலுகை ஒன்று உண்டு. அது பின்வாசல் பிரவேசம். எந்த வீட்டுச் சமையலறையும், எந்தக் கோயிலின் உக்கிராணமும், சிறைச்சாலையின் தானிய அறையும், அரண்மனையின் கழிவுநீர்ப் பாதையும் அவனுக்குத் திறந்திருக்கும். யாரும் அவன் முகத்தைப் பார்த்து நினைவில் வைப்பதில்லை. கோட்டை வாசலில் நின்று, மந்திரத்தால் மதிலைத் தாண்டுவதா, காவலனுக்கு லஞ்சம் கொடுப்பதா என்று பிரபுவும் மந்திரவாதியும் தர்க்கித்துக்கொண்டிருக்கையில், இவன் கம்பையும் நாயையும் காட்டி, சமையல்காரர் வரச்சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேல்படி ஆட்டங்களில், தேவாசுர யுத்தம் நடக்கும் கட்டத்தில், எலி பிடிப்பவனுக்கு என்ன வேலை என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு; முன்னாள் பிரபுவுக்கு அந்தக் கட்டத்தில் என்ன வேலையோ அதே வேலைதான் என்பதற்குமேல் அதற்குப் பதில் தேவையில்லை.

நடுவராக அமர்கிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நகரசபை இவனை வேலைக்கு அழைக்கும் காட்சியை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. கூலிப் பேச்சைப் பேசவிட வேண்டும். தலைக்கா, வாலுக்கா, உயிரோடு கொண்டுவந்தால் என்ன விலை, முள்ளெலி சேருமா சேராதா, எண்ணிப் பார்க்கிற குமாஸ்தா யார், எண்ணியபின் வால்களை எரிக்கிறார்களா அல்லது பின்கட்டில் கொட்டுகிறார்களா என்பதெல்லாம் மேசையில் தீர்மானமாகட்டும். மாதச் சம்பளம் என்று மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். ஒரே வாரத்தில் எலிகளை ஒழித்துவிட்டு அவன் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வான், நடுவர் மீதி இரவுக்குக் கதை தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.